முடக்குவாதமும் நோயெதிர்ப்பு மரபணுக்களும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்குவதால் தோன்றும் நாட்பட்ட நோய் முடக்குவாதம். இந்நோய்க்கான மரபணுச் சார்புகளுள் முதன்மையானது, ஆறாம் குரோமோசோமில் அமைந்த எச்.எல்.ஏ. தொகுதியைச் சேர்ந்த டி.ஆர்.பி.1 மரபணுவாகும். இவ்வறிவு 1970களில் அமெரிக்காவில் தொடங்கி, இந்திய மக்களிடம் பொருந்தாமற்போய், பின்னர் திருத்தமுற்றுத் தமிழர் குறித்த ஆய்வுகள் வரை வந்துசேர்ந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மரபணுச் சார்பு புகை, சிலிக்கா, பஞ்சுத் தூசு போன்ற சூழற் காரணிகளோடு இணைந்தே பெரிதும் செயற்படுகிறது என்னும் முடிவை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தின் உழைப்பு முறையோடு வைத்து நோக்குகிறது. இந்நோயின் தோற்றக் காலம் தொழிலாளரின் பணிக்காலத்தைவிட நீண்டது. ஆதலின், மரபணுவைத் தொழிலாளரைத் தேர்ந்தெடுக்கும் கருவியாகக் கொள்வதற்கு வரலாற்றில் சான்றில்லை என்பதும், பணிச்சூழல் பற்றிய பதிவுகளே தேவை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: முடக்குவாதம், எச்.எல்.ஏ., டி.ஆர்.பி.1, பொது எபிடோப், சிலிக்கா, தொழிலாளர் நலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கடந்த முப்பது ஆண்டுகளில் ஏரிப்பாசன வேளாண் பகுதி என்ற நிலையிலிருந்து உற்பத்தித் தொழில் வழித்தடமாக மாறின. 1996இல் நிறுவப்பெற்ற ஹூண்டாய் நிறுவனம் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2000இல் செயிண்ட் கோபைன் கண்ணாடி ஆலையும், 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும் இயங்கத் தொடங்கின. 2010இல் ரெனோ – நிசான் கார் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கின. 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோதும் மின்னணுப் பொருள் உற்பத்தி இப்பகுதியில் நின்றுவிடவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளைக் கொண்ட மகளிர் பணியாளர் விடுதி திறக்கப்பட்டமை, இவ்வழித்தடத்தின் உழைப்பில் இளம்பெண்கள் பெறும் இடத்தைக் காட்டுகிறது.

மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் பணி கைவிரல்களின் நுண்ணிய அசைவைச் சார்ந்தது. முடக்குவாதம் முதலில் தாக்குவதும் பெரும்பாலும் கைவிரல்கள், மணிக்கட்டு, பாதம் ஆகியவற்றின் சிறு மூட்டுகளையே. ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதி. பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் வெளிப்படுகிறது. எனவே, யாருக்கு இந்நோய் வரும், அதில் பிறப்பின் பங்கு என்ன, பிழைப்பின் பங்கு என்ன என்னும் வினாக்கள் இவ்வழித்தடத்திற்கு நேரடியாகப் பொருந்துவன. இப்பகுதியின் ஆலைகளில் இந்நோய் மிகுதி என்று இதனால் பொருளாகாது. வினாவை எவ்வாறு எழுப்ப வேண்டும் என்பதையே இக்கட்டுரை மருத்துவ வரலாற்றின் துணையோடு ஆராய்கிறது.

நோய்க்குப் பெயர் அமைந்த வரலாறு

மூட்டுநோய்கள் பற்றிய அறிவு தமிழ் மருத்துவ மரபுக்குப் புதியதன்று. வாத நோய்களை எண்பதாக வகுத்துரைக்கும் சித்த மருத்துவம், மூட்டுகளில் வீக்கமும் வலியும் சுரமும் கூடிய நிலைகளைத் தனித்து இனங்கண்டது. இன்றைய சித்த மருத்துவ ஆய்வாளர்கள் முடக்குவாதத்தை உத்திர வாத சுரோணிதம் என்னும் நோயோடு ஒப்பிட்டு நோக்குகின்றனர்.

மேனாட்டு மருத்துவத்தில் இந்நோயைப் பிற மூட்டுநோய்களிலிருந்து பிரித்துரைத்த முதல் விளக்கம் எனக் கருதப்படுவது, 1800இல் பாரிஸில் லாந்ரே – போவே அளித்த மருத்துவப் பட்ட ஆய்வேடாகும். அவர் விவரித்த நோயாளிகள் பெண்கள் என்பது குறிக்கத்தக்கது. 1859இல் ஆங்கில மருத்துவர் ஆல்ஃபிரட் காரட் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இந்நோய்க்கு இட்டார். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வாலர் (1940), ரோஸ் (1948) ஆகியோரின் ஆய்வுகளால் நோயாளிகளின் குருதியில் ‘ருமட்டாய்டு காரணி’ என்னும் எதிர்ப்பொருள் அறியப்பட்டது. இந்நோய் நோயெதிர்ப்பு மண்டலத்தின் பிறழ்ச்சியாகப் பார்க்கப்பட இது வழிவகுத்தது. தமிழகத்தில் 1970களில் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஏ.என். சந்திரசேகரன் முயற்சியால் வாதநோயியல் தனித்துறையாக வளர்ந்தது.

குருதி மாற்றத்திலிருந்து மூட்டுநோய்க்கு

எச்.எல்.ஏ. எனப்படும் மனித வெள்ளணு எதிர்ப்பொருள் தூண்டிகளின் கண்டுபிடிப்புக்கும் மூட்டுநோய்க்கும் தொடக்கத்தில் தொடர்பில்லை. 1958இல் பாரிஸில் ஜான் டோசே, பலமுறை குருதி ஏற்றப்பெற்ற நோயாளிகளின் குருதிநீர் பிறர் வெள்ளணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டார். அதன்வழி மனிதரின் வெள்ளணுப் பரப்பில் ஆளுக்கு ஆள் வேறுபடும் புரதம் ஒன்றை முதன்முதலில் அடையாளப்படுத்தினார். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் கொடுப்பவரும் பெறுபவரும் பொருந்துவதை அறிய இப்புரதங்களே அளவுகோல் ஆயின. 1980ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு டோசே, பெனாசெராஃப், ஸ்நெல் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நிகழ்ந்தது. திசுப் பொருத்தம் பார்க்கும் இவ்வறிவு தென்னிந்தியாவிலும் வேரூன்றத் தொடங்கிய காலம் அது.

இப்புரதங்களின் இயற்கையான பணி, உயிரணுவுக்குள் சிதைவுற்ற புரதத் துண்டுகளை, அதாவது பெப்டைடுகளை, தம் குழியில் ஏந்தி டி செல்களுக்குக் காட்டுவதாகும். காட்டப்படும் துண்டு அயலுடையது எனின் டி செல் எதிர்வினை புரியும். எந்தத் துண்டைக் காட்ட இயலும் என்பது குழியின் வடிவத்தைப் பொறுத்தது. ஆளுக்கு ஆள் அவ்வடிவம் வேறுபடுவதால் நோய்களை எதிர்கொள்ளும் திறனும் வேறுபடுகிறது.

1973இல் எச்.எல்.ஏ. பி27 என்னும் மாற்றுருவுக்கும் முதுகெலும்பு இறுக்க வாதத்திற்கும் உள்ள வலிய தொடர்பு வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆய்வு செய்த பீட்டர் ஸ்டாஸ்ட்னி முடக்குவாதத்தை நோக்கித் திரும்பினார். 1976இல் வெள்ளணுக்களைக் கலந்து வளர்க்கும் சோதனைகளால் முதற்குறிப்பைப் பெற்ற அவர், 1978இல் டி.ஆர்.4 என்னும் மாற்றுரு நோயாளிகளுள் 70 விழுக்காட்டினரிடமும் நலமுடையோருள் 28 விழுக்காட்டினரிடமும் காணப்படுவதாக வெளியிட்டார். முடக்குவாதத்தின் மரபணு வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

இவ்விரு எண்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். நோயாளிகளுள் பெரும்பாலோர் இம்மாற்றுருவை உடையவர் என்பது முதல் எண் தரும் செய்தி. இம்மாற்றுருவை உடையோருள் மிகப் பெரும்பாலோர் நோயற்றவர் என்பது இரண்டாம் எண்ணிலிருந்து பெறப்படும் செய்தி. பின்னாளைய குழப்பங்கள் பல இவ்விரண்டாம் செய்தி மறக்கப்பட்டதால் எழுந்தவை.

இந்திய நோயாளர்களும் டி.ஆர்.4 முரணும்

ஸ்டாஸ்ட்னியின் முடிவு ஐரோப்பிய வழித்தோன்றல்களிடம் பலமுறை உறுதிப்பட்டது. ஆனால் 1981இல் நிக்கோல், உட்ரோ ஆகியோர் இந்திய நோயாளர்களை ஆராய்ந்தபோது, நோயோடு தொடர்புற்றது டி.ஆர்.4 அன்று, டி.ஆர்.1 எனக் கண்டனர். அடுத்த ஆண்டு இஸ்ரேலிய யூதர்களிடமும் டி.ஆர்.1 தொடர்பே அறிவிக்கப்பட்டது. 1990இல் ஸ்பானியரிடம் டி.ஆர்.10 சுட்டப்பட்டது. ஒரே நோய்க்கு இனந்தோறும் ஒரு மரபணுவா என்னும் ஐயம் எழுந்தது இயல்பே.

இம்முரணுக்கு 1987இல் கிரெகெர்சன், சில்வர், வின்செஸ்டர் ஆகிய மூவர் விடை கண்டனர். டி.ஆர். புரதத்தின் பீட்டா சங்கிலியில் 70 முதல் 74 வரையிலான ஐந்து இடங்களில், நோயோடு தொடர்புடைய மாற்றுருக்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அமினோ அமில வரிசையைக் கொண்டிருப்பதை அவர்கள் காட்டினர். முதலிடத்தில் குளூட்டமின் அல்லது ஆர்ஜினின், இரண்டாம் இடத்தில் லைசின் அல்லது ஆர்ஜினின், அதனையடுத்து ஆர்ஜினின், அலனின், அலனின் என்பது அவ்வரிசை. இது ‘பொது எபிடோப்’ எனப் பெயர் பெற்றது. ஐரோப்பியரின் டி.ஆர்.பி.1*04:01, யப்பானியரின் *04:05, டி.ஆர்.1 வகையைச் சேர்ந்த *01:01, டி.ஆர்.10 வகையைச் சேர்ந்த *10:01 ஆகிய அனைத்தும் இவ்வரையறைக்குள் அடங்கின. பெயரால் வேறுபட்டவை வடிவால் ஒன்றுபட்டன.

இக்கருதுகோளை இந்தியரிடம் பொருத்திப் பார்க்கும் முயற்சி விரைவில் தொடர்ந்தது. 1991இல் ஆலியர் குழுவினர், இந்தியரின் முடக்குவாதம் இப்பொது எபிடோப்பைச் சார்ந்ததா என்னும் வினாவையே தம் கட்டுரைத் தலைப்பாக்கினர். 1996இல் புதுடெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் வீணா தனேஜா, என்.கே. மெஹ்ரா, ஏ.என். மாளவியா முதலியோர் நெதர்லாந்து ஆய்வாளர்களுடன் இணைந்து, ஆசிய இந்திய நோயாளர்களிடம் *04:05, *10:01 ஆகிய இரு மாற்றுருக்களின் தொடர்பை வெளியிட்டனர். இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் மாளவியா குழுவினர் அரியானாவின் பல்லப்கர் பகுதியில் நடத்திய கள ஆய்வில், வயதுவந்தோருள் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது அறியப்பட்டிருந்தது.

பொது எபிடோப் ஏன் நோய்க்கு இடம் தருகிறது என்பது மேலும் ஒரு பதினைந்தாண்டு ஆய்வில் தெளிவுபெற்றது. அழற்சி நேரும் இடத்தில் சில நொதிகள் புரதங்களிலுள்ள ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுகின்றன. நேர்மின்னேற்றம் கொண்ட ஆர்ஜினின் மின்னேற்றமற்ற சிட்ருலினாகிறது. பொது எபிடோப்பைக் கொண்ட குழியும் நேர்மின்னேற்றம் உடையது. ஆதலின் ஆர்ஜினினை விலக்கிச் சிட்ருலினை ஏற்கிறது. உடலின் சொந்தப் புரதமே உருமாறிய நிலையில் டி செல்களுக்குக் காட்டப்படுகிறது. 1998இல் நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் சிட்ருலினையே இலக்காகக் கொள்கின்றன என்பது உறுதியானது. இவ்வெதிர்ப்பொருளை அறியும் சோதனை இன்று நோயறிதலின் ஓர் உறுப்பாக வழங்குகிறது. 2012இல் ராய்சவுத்ரி குழுவினர், டி.ஆர்.பி.1 புரதத்தின் 11, 71, 74 ஆம் இடங்களும், எச்.எல்.ஏ. பி, டி.பி.பி.1 ஆகியவற்றின் ஒன்பதாம் இடமும் எச்.எல்.ஏ. தொகுதியின் தொடர்பைப் பெரும்பாலும் விளக்கிவிடுவதாக நிறுவினர்.

எச்.எல்.ஏ. அல்லாத மரபணுக்களிலும் இதே அனுபவம் மீண்டது. 2004இல் ஐரோப்பிய வழியினரிடம் பெரிதும் பேசப்பட்ட பி.டி.பி.என்.22 மரபணுவின் மாற்றம் ஆசிய மக்களிடம் மிக அரிது. 2003இல் யப்பானில் பி.ஏ.டி.ஐ.4 என்னும் மரபணு முன்னிறுத்தப்பட்டது. ஆர்ஜினினைச் சிட்ருலினாக்கும் நொதிகளுள் ஒன்றை ஆக்குவது அது. 2013இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.கே. தெல்மா குழுவினர் வட இந்தியரிடம் நடத்திய முழுமரபணுத்தொகுதி ஆய்வில் ஏ.ஆர்.எல்.15 என்னும் புதிய மரபணு வெளிப்பட்டது. ஓரிடத்தில் கண்ட பட்டியலை மற்றோரிடத்தில் அப்படியே பெயர்த்து வைக்க இயலாது என்பதற்கு இவை சான்றாகும்.

தமிழர் குறித்த தரவுகள்

தமிழகத்தில் எச்.எல்.ஏ. ஆய்வை வளர்த்தெடுத்த களம் மதுரை காமராசர் பல்கலைக்கழகமாகும். அங்கு ஆர்.எம். பிச்சப்பன் தலைமையிலான நோயெதிர்ப்பியல் துறை, காசநோயை முன்வைத்தும், தென்னிந்தியச் சமூகங்களின் மரபணு வேறுபாட்டை முன்வைத்தும் பல்லாண்டுகள் ஆய்வு நடத்தியது. 2003இல் வெளிவந்த அத்துறையின் கட்டுரை ஒன்று, பிறமலைக் கள்ளர், யாதவர் ஆகிய இரு சமூகத்தாரின் டி.ஆர்.பி.1, டி.கியூ.பி.1 மாற்றுருக்களைத் தனித்தனியே ஆராய்ந்தது. அகமண முறை தலைமுறை தலைமுறையாக நிலவிய சமூகங்களில் மாற்றுருக்களின் பரவல் சமூகந்தோறும் வேறுபடுதல் இயல்பு. நோயாளிக் குழுவும் ஒப்பீட்டுக் குழுவும் ஒரே சமூகக் கலவையைக் கொண்டிராவிடின், நோயின் தொடர்பு எனத் தோன்றுவது சமூகத்தின் அடையாளமாகவே முடியலாம். ‘தமிழர்’ என்னும் பொதுப்பெயர் மொழியால் ஒன்று; மரபணுவியலில் அது பல அடுக்குகளின் தொகை.

முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் வீர் சிங் நேகி குழுவினர் பாரிஸ் ஆய்வாளர்களுடன் இணைந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியத் தமிழ் மக்களிடம் இரண்டாம் வகை எச்.எல்.ஏ. மாற்றுருக்கள் நோய்ச்சார்பையும் தன்னெதிர்ப்பொருள் நிலையையும் பாதிப்பதாக அக்கட்டுரை முடிவுகூறியது. 1958இல் பாரிஸில் தொடங்கிய ஆய்வு மரபு அந்நகரின் ஆய்வாளர்கள் வழியாகவே தமிழ் மக்களை வந்தடைய ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

தமிழரைப் பற்றிய மற்றொரு சான்று மலேசியாவிலிருந்து கிடைக்கிறது. மலேசிய இந்தியருள் பெரும்பான்மையர் தமிழர்; அவர்தம் முன்னோருள் மிகப் பலர் தோட்டத் தொழிலாளராகச் சென்றவர். 2011இல் வெளிவந்த மலேசிய ஆய்வு மலாய், சீன, இந்திய இனத்தார் மூவரையும் ஒருங்கே ஆராய்ந்தது. சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள முடக்குவாதத்திற்குப் பொது எபிடோப் மூவரிடத்தும் சார்புக் காரணியாக நிற்பதை அது காட்டியது. மாற்றுருக்களின் பரவல் இனந்தோறும் வேறுபட்டும், குழியின் வடிவம் செய்யும் வேலை மாறவில்லை.

மரபணு மட்டும் போதுமா?

பிறப்பின் பங்கை அளக்க இரட்டையர் ஆய்வுகளே சிறந்த வழி. 1993இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு முடக்குவாதம் இருக்கும்போது மற்றவருக்கும் அது இருந்தது ஏறத்தாழ 15 விழுக்காட்டில் மட்டுமே. இருகரு இரட்டையரில் இது 4 விழுக்காட்டிற்கும் குறைவு. மரபணுவின் பங்கு உண்மையானது என்பதை இவ்விரு எண்களின் வேறுபாடு காட்டுகிறது. ஆனால் முழு மரபணுத் தொகுதியும் ஒன்றாக இருந்தும் நூற்றுக்கு எண்பத்தைந்து இணைகளில் மற்றவர் நோயின்றி இருந்தார் என்பது அதனினும் எண்ணத்தக்கது.

இவ்விடைவெளியை நிரப்பும் காரணிகளுள் முதலில் நிறுவப்பெற்றது புகைபிடித்தல். 2006இல் சுவீடனின் கிளாரெஸ்கோக் குழுவினர், பொது எபிடோப்பை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற புகைபிடிப்போருக்குச் சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள நோயின் வாய்ப்பு, அவ்விரண்டும் இல்லாதவரைவிட 21 மடங்கு எனக் கண்டனர். நுரையீரலில் புகை உண்டாக்கும் அழற்சி புரதங்களைச் சிட்ருலினாக்குகிறது. குழியின் வடிவம் அவற்றை ஏந்திக் காட்டுகிறது. நோய் பின்னர் மூட்டில் வெளிப்படுகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். இவ்விளக்கத்தின்படி மூட்டுநோயின் தோற்றுவாய் மூச்சுக்குழலாகவும் இருக்கக்கூடும்.

எனினும் இந்தியாவில் 2016–17இல் நடத்தப்பெற்ற புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி பெண்களுள் புகைபிடிப்போர் 2 விழுக்காட்டினரே. ஆகவே பெண்களிடம் மிகுந்து காணப்படும் ஒரு நோய்க்கு இங்குப் பிற சூழற்காரணிகளைத் தேட வேண்டியுள்ளது. இத்தேடல் பணியிடத்திற்கு இட்டுச் செல்கிறது.

1953இல் வேல்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் அந்தோணி கேப்ளன், நுரையீரற் கணுக்களும் முடக்குவாதமும் சேர்ந்து தோன்றுவதை விவரித்தார். அந்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது. 2005இல் சுவீடன் ஆய்வு, சிலிக்காத் தூசுக்கு ஆளான ஆண்களிடம் முடக்குவாத வாய்ப்பு மிகுவதை உறுதிப்படுத்தியது. 2016இல் மலேசியாவில் பெண்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வு, பணியிடத்தில் நெசவுத் தூசுக்கு ஆளாதலும் பொது எபிடோப்பும் ஒருங்கே அமைந்தோருக்கு, இரண்டும் அற்றோரை நோக்கச் சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள நோயின் வாய்ப்பு ஏறத்தாழ 39 மடங்கு என அறிவித்தது. இருவகைக் காரணிகளும் கூடிய பெண்கள் மிகச் சிலரே ஆதலின் இவ்வெண்ணின் துல்லியம் குறைவு. ஆயினும் அதன் திசை ஐயத்திற்கிடமற்றது. தென்னாசியச் சூழலுக்கு நெருக்கமான சான்றும் இதுவே.

வழித்தடத்தில் காலக் கணக்கு

மேற்கண்ட ஆய்வுகளை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்குக் கொணரும்போது மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, தூசின் இருப்பிடம். கண்ணாடியின் முதன்மை மூலப்பொருள் சிலிக்கா மணல். வார்ப்படப் பட்டறைகளிலும் அதுவே அச்சு மணல். ஆலைகளும் சாலைகளும் விடுதிகளும் எழ வேண்டிய கருங்கல் ஜல்லியும் எம்-சாண்டும் காஞ்சிபுரம் மாவட்டக் கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் உருவாகின்றன. மூடிய எந்திரங்களும் காற்று வடிப்பான்களும் கொண்ட பேராலையைவிட, அதனைச் சூழ்ந்த சிறு பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் தூசைக் கட்டுப்படுத்துவது கடினம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றது; முடக்குவாதம் இடம்பெறவில்லை. ஆதலின் அதே தூசு நுரையீரலைத் தாக்கினால் அது தொழில்நோய். மூட்டைத் தாக்கினால் தனிப்பட்டவரின் நோய்.

இரண்டாவது, மக்கட் கலவை. இவ்வழித்தடத்தில் பணிபுரிவோர் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர். மரபணுப் பரவலுக்கு டெல்லி நோயாளர் தரவோ தென்னிந்தியத் தமிழர் தரவோ தனித்து இங்கு அளவுகோலாகாது.

மூன்றாவதும் முதன்மையானதும் காலம். சுவீடனில் 2003இலும் நெதர்லாந்தில் 2004இலும் சேமிப்பிலிருந்த குருதி மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், மூட்டுவலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நோயாளிகள் பலரின் குருதியில் எதிர்ப்பொருள்கள் இருந்ததைக் கண்டனர். தூண்டுதல் ஒரு காலத்திலும் வலி மற்றொரு காலத்திலும் நிகழ்கின்றன. இவ்வழித்தடத்தின் மின்னணு ஆலைகளிலோ பெண்கள் பலர் இருபதை ஒட்டிய வயதில் பணிக்கு வந்து, சில ஆண்டுகளில் திருமணத்தை ஒட்டியோ ஒப்பந்தம் முடிந்தோ ஊர் திரும்புகின்றனர். பணிக்காலத்தில் ஏதேனும் தூண்டுதல் நேர்ந்திருப்பினும், முப்பத்தைந்து வயதில் விரல்கள் வீங்கும்போது அப்பெண் வேறொரு மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்ந்திருப்பார். அங்குள்ள நோயாளிச் சீட்டில் அவர் முன்னர் செய்த வேலைக்கு இடமில்லை. ஆலையின் பதிவேட்டில் அவர் பின்னர் அடைந்த நோய்க்கு இடமில்லை.

இதே நிலம் முன்னொரு காலத்தில் நேர்மாறான முறையில் ஆராயப்பட்டது. அன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தையும் உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பெருங்கள ஆய்வு தொடங்கியது. மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அதில் பதிவுபெற்று, 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். பிரிட்டனில் நல்ல பயன் தந்த தடுப்பூசி, வயதுவந்தோரின் நுரையீரற் காசநோயை இங்குத் தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. டி.ஆர்.4 வரலாறு உணர்த்தும் பாடத்தையே இதுவும் உணர்த்துகிறது: ஓரிடத்து நோயெதிர்ப்பு அறிவை வேறிடத்தில் சோதியாமல் ஏற்றல் தகாது. அவ்வாய்வு இயன்றதற்குக் காரணம், நிலத்தோடு பிணைந்து ஊரிலேயே வாழ்ந்த வேளாண் மக்கள். இன்று அதே நிலத்தில் உழைப்போர் நிலையாகத் தங்குவோர் அல்லர். ஆய்வுக் கருவிகள் பன்மடங்கு கூர்மையுற்ற காலத்தில், ஆய்வுக்குரிய மக்களைப் பின்தொடர்வது அரிதாகிவிட்டது.

தேர்வுக் கருவியாக மரபணு

நோய்ச்சார்புடையோரை முன்னரே அறிந்து பணியில் சேர்க்காமல் விடுவது இருசாரார்க்கும் நன்மை அன்றோ என்னும் வாதம் எழலாம். இதற்கும் வரலாற்றில் முன்நிகழ்வுகள் உள்ளன.

பெரிலியம் என்னும் உலோகத்தைக் கையாளும் தொழிலாளர் சிலருக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் உண்டாகிறது. 1993இல் ரிக்கெல்டி குழுவினர், எச்.எல்.ஏ. டி.பி.பி.1 புரதத்தின் 69ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் அமைந்திருத்தல் நோயாளிகளுள் 97 விழுக்காட்டினரிடமும், அதே பணியில் இருந்து நோயுறாதவருள் 30 விழுக்காட்டினரிடமும் உண்டு எனக் கண்டனர். நோயெதிர்ப்பு மரபணுவுக்கும் தொழில்நோய்க்கும் இடையே அறியப்பட்ட மிக வலிய தொடர்புகளுள் இது ஒன்று. இத்தகைய தொடர்பிலும், நோயுறாத தொழிலாளருள் பத்துப் பேருக்கு மூவர் ‘சார்புடையோர்’ பட்டியலில் வீழ்கின்றனர்.

முடக்குவாதத்தில் இக்கணக்கு இன்னும் மோசமாகும். ஸ்டாஸ்ட்னியின் 70, 28 என்னும் விழுக்காடுகளையும், பல்லப்கர் ஆய்வின் 0.75 விழுக்காட்டையும் விளக்கத்திற்காகச் சேர்த்துப் பார்க்கலாம். 10,000 பேருள் நோயுறுவோர் 75 பேர். அவருள் மாற்றுருவை உடையோர் ஏறத்தாழ 53 பேர். நோயுறாத 9,925 பேருள் அதே மாற்றுருவை உடையோர் 2,779 பேர். மாற்றுருவைக் கண்டு விலக்கினால் ஏறத்தாழ 2,830 பேர் வேலை இழப்பர். அவருள் நோயுறுவோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. நோயுறும் 22 பேரோ சோதனையில் தேறி உள்ளே இருப்பர்.

அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே இரயில்வே நிறுவனம், மணிக்கட்டு நரம்பு அழுத்தத்திற்கு இழப்பீடு கோரிய தொழிலாளரின் குருதியை அவர்களுக்குத் தெரிவியாமல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது. 2001இல் அந்நாட்டின் சமவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2002இல் 22 இலட்சம் டாலர் வரையிலான இழப்பீட்டோடு வழக்கு முடிவுற்றது. கையில் தோன்றிய நோய்க்குப் பணியன்றிப் பிறப்பே காரணம் எனக் காட்டும் முயற்சியாகவே அச்சோதனை கருதப்பட்டது. 2008இல் வேலையளிப்பிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அங்கு நிறைவேறியது. இந்தியாவில் அதற்கு ஒப்பான தனிச்சட்டம் இல்லை.

முடிவுரை

முடக்குவாதத்தின் மரபணு வரலாறு, ஒரு மாற்றுருவின் பெயரில் தொடங்கி, ஒரு குழியின் வடிவத்தில் தெளிவுற்று, அக்குழிக்கு வந்துசேரும் பொருள் எது என்னும் வினாவில் வந்து நிற்கிறது. இந்திய நோயாளர்களிடம் டி.ஆர்.4 பொருந்தாமை ஒரு விதிவிலக்காகத் தோன்றியது. உண்மையில் அத்தகைய பொருந்தாமைகளே பொது எபிடோப் என்னும் கருத்துக்கு இன்றியமையாச் சான்றுகளாயின. ஆகவே தமிழ் மக்களைப் பற்றிய ஆய்வு, மேனாட்டு முடிவுகளைச் சரிபார்ப்பதோடு நில்லாமல் அவற்றைத் திருத்தவும் வல்லது.

மரபணு பிறப்போடு வருவது, மாற்றத்தக்கதன்று. தூசும் புகையும் மாற்றத்தக்கவை. சார்புடையோரை விலக்குதல் நோயைத் தடுக்காது என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகிறது. தூசைக் குறைத்தலோ, சார்புடையோர், அல்லாதோர் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் காக்கும். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வழித்தடத்திற்கு இன்று தேவைப்படுவது, தொழிலாளி பணியை விட்டு நீங்கிய பின்னும் அவரோடு செல்லும் பணிச்சூழற் பதிவு. மாவட்ட மருத்துவமனைகளின் வாதநோய்ப் பிரிவுகளில் நோயாளியின் முந்தைய பணிகளைக் கேட்டெழுதும் வழக்கம். இவ்விரண்டையும் இணைக்கும் ஆய்வு. 1968இல் ஊர்தோறும் சென்று பதிவேடு எழுதிய நிலத்தில், ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளரைப் பின்தொடரும் பதிவேட்டை உருவாக்குதல் இயலாததன்று. அது கைகூடும்போதே, விரல் வீங்கிய பெண்ணிடம் ‘உன் குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா?’ என்று கேட்கும் மருத்துவம், ‘நீ எங்கே, என்ன வேலை செய்தாய்?’ என்றும் கேட்கத் தொடங்கும்.